கிளச்சை மிதித்தும் நிற்காத வண்டி

அறுபத்து நாலாம் வருஷம், ஆனிக் கடைசி. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மலையடிவாரத்து மேட்டு நிலம் ஒன்றில் இது நடந்தது. அப்போது ஒரு நிலக்காரரிடம் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வழக்கில் கிடந்த நிலம். எட்டு வருஷமாக யாரும் உள்ளே போகவில்லை. புல் நெஞ்சு உயரம். மூலையில் ஒரு மாடன் பீடம். ஆடியில் கடலை போட வேண்டும் என்று நிலக்காரர் அவசரப்பட்டார். மலை எஸ்டேட் ஒன்றிலிருந்து பழைய புல் வெட்டும் மிஷினை வாங்கினார். வண்டிக்குப் பின்னால் பூட்டினால் இன்ஜின் அதன் கனத்த பிளேடைச் சுற்றும். ஆறடி அகலம். எங்கள் வண்டி இருபது குதிரைச் சக்திதான்.

மிஷினைக் கொண்டுவந்த எஸ்டேட் மெக்கானிக் செங்கோட்டைக்காரர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இதுக்கு நாலடி மிஷினே போதும் கேட்டோ. அடிக்கு அஞ்சு குதிரையாவது வேணும்.”

“இழுக்குதுல்லா அண்ணாச்சி, பெறவு என்ன?” என்றேன். அகலம் கூடினால் வேலை சீக்கிரம் முடியும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை சாரல். மேகம் தரைக்கே இறங்கியிருந்தது. என் மனைவியின் தம்பி கம்போடு முன்னால் நடந்தான். புல்லுக்குள் கல் கிடக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவன் வேலை. பதினைந்தடி பின்னால் நான் வண்டியில். அவன் முதுகு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

பீடத்துக்குப் பக்கத்தில் அவன் நின்று கையைத் தூக்கினான். கிளச்சை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. பின்னால் யாரோ தோள் கொடுத்துத் தள்ளுவதுபோல நடந்தது. பிரேக்கை அழுத்தினேன். ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கியது. திரும்பிப் பார்த்தேன். ஆள் இல்லை. வெள்ளையாக மேகம்தான்.

அவன் துள்ளி விலகினான். அவன் நின்ற இடத்தில் போய் வண்டி நின்றது.

“என்ன அத்தான், கொல்லப் பாத்தியளா?”

“மிதிச்சிட்டுதாம்லே இருக்கேன். அதுவா வருது.”

அவன் பீடத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டிவிட்டு நிலக்காரரிடம் போய்ச் சொன்னோம்.

“படைப்பு போடாம எறங்கினா மாடன் சும்மா விடுவானா?” என்றார் நிலக்காரர். சேவல் அறுத்தோம். சாராயமும் சுருட்டும் வைத்தோம். எனக்கு மனசு லேசானது. தப்பு என்மேல் இல்லை என்று ஆகிவிட்டதே.

மூன்றாம் நாள் அதே மிஷினைப் பூட்டினேன். அவனே முன்னால் நடந்தான்.

“இன்னைக்காவது நிப்பாட்டுவியளா?”

“மாடனுக்கு வயிறு நெறஞ்சாச்சு. நடலே.”

மதியத்துக்குள் பாதி நிலம் முடிந்தது. ஒரு கல் வந்தது. கையைத் தூக்கிவிட்டுக் குனிந்து அதைப் புரட்டினான். நான் மிதித்தேன். மறுபடியும் அந்தத் தள்ளல். கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்தேன். முதுகு தப்பியது. வலது பாதத்தில் முன்சக்கரம் ஏறி இறங்கியது.

கியரை நியூட்ரலுக்குத் தட்டியதும் வண்டி நின்றது. கிளச்சிலிருந்து காலை எடுக்காமல் இன்ஜினை அணைத்தேன். அவன் அலறல் கேட்டது. அதோடு இன்னொரு சத்தம். பின்னால், இன்ஜின் இல்லாமலே, மிஷினின் பிளேடு ‘உய்ய்’ என்று சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் சுற்றியது. இரண்டு தடவையும் தள்ளியது யார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அவனுக்கு மூன்று விரல் போயிற்று. மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னேன்.

“கிளச்ச மிதிச்சா இன்ஜின்தான் விடும். பிளேடு விடாது. அந்தக் கனம் சுத்துற வேகத்துல, சக்கரத்தையும் அதுவே உருட்டிரும். பெரிய வண்டின்னா தாங்கும். உம்ம வண்டி தாங்காது.”

நாலடி மிஷின் வந்தது. மிதித்த இடத்தில் வண்டி நின்றது.

முதல் நாள் திரும்பிப் பார்த்தபோது நான் ஆளைத் தேடினேன். மிஷினைப் பார்க்கவில்லை. அவன் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. இன்றைக்கும் எனக்கு முன்னால் அவன் விந்தி நடந்து போனால், கிளச் மிதித்த என் இடதுகால் வெறுந்தரையில் தானாக அழுந்துகிறது.