கொடிக்கம்பத்தடியில் எழுதிய அப்பா

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். அப்பாவிடம் முத்து இருக்கவில்லை. ஒன்றுகூட இல்லை. இறுதிக் கிரியை நடந்த மண்டபத்தில், பெட்டியை மூட முன்னரே ஒரு மாமி என் காதுக்குள் வந்து கேட்டார்: “அவர் அரபிக்கரையிலையிருந்து கொண்டுவந்த முத்தெல்லாம் இப்ப ஆரிட்டைப் பிள்ளை? உன்ரை அண்ணரிட்டையோ?”

அப்பா அங்கிருந்து கொண்டுவந்தவை ஒரு தகரப் பெட்டியும் எவரையும் நம்பாத குணமும்தான். பெட்டி ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. குணம் கடைசிவரை அவருடனேயே இருந்தது. அதில் எனக்கும் ஒரு பங்கு வந்திருக்கிறது என்று என் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

“பிறந்தார், படித்தார், மணந்தார் எண்டு எழுது, காணும். உந்தக் கதையெல்லாம் போட்டா ஆக்கள் பலமாதிரிக் கதைப்பினம்,” என்றார் இங்கே ரொறன்ரோவில், மில்லிக்கனில் இருக்கும் என் அண்ணா. கதைக்கட்டும். கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் இந்த மலரில் பொய் எழுதினால் அப்பா எழும்பி வந்து விசாரிப்பார்.

அப்பா யாழ்ப்பாணத்து வடமராட்சியில், முதலாம் உலகப் போருக்குச் சற்று முன் பிறந்தார். தகப்பனைச் சிறுவயதிலேயே இழந்தவர். பாதிரிமார் நடத்திய பள்ளியில் இங்கிலீசு படித்தார். பம்பாயில் இருந்த தாய்மாமன் கூப்பிட்டு, இந்திய அரசாங்கத்தில் எழுதுவினைஞர் வேலை எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்து அவரைக் கப்பலில் பாரசீக வளைகுடாவின் அரபிக்கரைக்கு அனுப்பினார்கள். துறைமுகத்தின் பெயரை அப்பா எங்களுக்குச் சொன்னதேயில்லை. “அங்காலை” என்பார், அவ்வளவுதான். ஏன் சொல்லவில்லை என்பது என் முதல் சந்தேகம்.

அந்தக் கரை முழுவதும் ஷேக்குமாரின் நாடுகள். ஆள்பவர் ஷேக். ஆனால் ஷேக் யாருடன் ஒப்பந்தம் செய்யலாம், யாருக்கு நிலம் கொடுக்கலாம் என்று சொல்பவர் வெள்ளைக்காரத் துரை. துரைக்குச் சம்பளமும் உத்தரவும் இந்தியாவிலிருந்து வரும். அவருடைய அலுவலக முற்றத்தில் பெரிய கொடிக்கம்பம் ஒன்று நின்றது. அந்தக் கடலில் முத்துக் குளித்தவர்களில் பலர் அடிமைகள். பலுசிஸ்தானிலும் ஆபிரிக்காவிலும் சிறுவயதில் பிடித்துக்கொண்டுவந்து விற்கப்பட்டவர்கள். தப்பி ஓடிவரும் ஒருவன் அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துவிட்டால் எசமான் அவனை இழுத்துக்கொண்டு போக முடியாது. அவனுடைய வாக்குமூலத்தை எழுதியே ஆகவேண்டும். துரை நம்பினால் விடுதலைச் சீட்டு. நம்பாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அந்த வாக்குமூலங்களை எழுதியவர் அப்பா. மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அப்பா இங்கிலீசில் எழுதுவார். “எல்லாரையும் சந்தேகப்படுறதுதான் கந்தோரிலை பழக்கம்,” என்று அந்த அலுவலகத்தைப் பற்றி ஒருமுறை சொன்னார். கடனுக்கு ஒளித்து ஓடிவந்தவனும் அடிமை என்று சொல்லக்கூடும். ஷேக்கின் ஆட்கள் வேவு பார்க்க ஒருவனை அனுப்பியிருக்கக்கூடும். துரைக்கு அடிமைகள் மீதும் இரக்கம். ஷேக்கின் சிநேகிதமும் வேண்டும். விமானம் இறங்க நிலமும் எண்ணெய் தோண்ட அனுமதியும் ஷேக்கிடம்தானே கேட்க வேண்டும்? இரண்டும் முட்டினால் எது வென்றது என்று கேட்டால் அப்பா வெற்றிலையைப் போட்டுக்கொள்வார்.

இரண்டாம் போர் தொடங்க முன் ஊருக்குத் திரும்பி அம்மாவை மணந்தார். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்துப் பென்சனோடு இளைப்பாறினார். பால்காரன் ஊற்றிய பாலை விரலில் தொட்டுப் பார்த்து, “வெளுத்ததெல்லாம் பாலில்லை” என்று அவன் முகத்துக்கு நேரேயே சொல்வார். அம்மா வெட்கத்தில் உள்ளே ஓடிவிடுவார். அம்மா காலமான பின் அண்ணா ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு, இந்த ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டார். இங்கே வந்தும் மனிதர் மாறவில்லை. யாராவது போன் அடித்துக் கதைக்காமல் வைத்துவிட்டால் “ஆரோ வீட்டிலை ஆள் இருக்கோ எண்டு பாக்கிறாங்கள்” என்பார். தமிழ்க் கடையில் இலவசமாகக் கொடுத்த கலண்டரைக்கூட இரண்டு நாள் சுவரில் மாட்ட விடவில்லை. “சும்மா தாறவன் என்னத்துக்குத் தாறான்?”

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அகதியாக வந்து சேர்ந்தேன். ஊரில் என் கணவர் காணாமல் போயிருந்தார். என் வழக்குக்காக ஒரு பிளாசாவின் மேல்மாடியில், ஆட்களுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுக்கும் தமிழர் ஒருவர் எனக்கும் எழுதித் தந்தார். மாலை நேரம் இராணுவம் ட்ரக்கில் வந்தது, என் கண்முன்னே கணவரை ஏற்றிக்கொண்டு போனது, நான் காலில் விழுந்து அழுதேன் என்று அழகாக எழுதியிருந்தார். விசாரணையில் தோற்றால் என்னையும் இரண்டு பிள்ளைகளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில் வாசித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு பகல், நாங்கள் இருந்த மோர்னிங்சைட் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அப்பா அதை எடுத்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“இது உன்ரை கதையில்லை, பிள்ளை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பெத்த மகளையும் நம்பமாட்டீங்களோ? உங்களுக்கு ஆரைத்தான் நம்பத் தெரியும்?”

“உன்னை இல்லை. இதை எழுதினவனைத்தான் நம்பேல்லை. அவனை எனக்கு நல்லாத் தெரியும்.”

“நீங்கள் அந்த ஆளைக் கண்டதேயில்லையே!”

“நானும் உப்பிடித்தான் எழுதினனான். வாறவன் அழுவான், உளறுவான், முன்னுக்குப் பின் சொல்லுவான். நான் திருத்தி வடிவா எழுதிப்போடுவன். கடைசியிலை எல்லாற்றை கதையும் ஒரே கதை. துரை வாசிச்சுப்போட்டு, உவங்கள் ஆரோ சொல்லிக் குடுத்துச் சொல்லுறாங்கள் எண்டு எறிவார்.” பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். “ஆமியை நீ கண்டனியோ?”

“காணேல்லை.”

“ட்ரக்?”

“சத்தமும் கேக்கேல்லை. நான் கிணத்தடியிலை நிண்டனான்.”

“வந்து பாக்கேக்கை என்ன கிடந்தது?”

நான் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன். அப்பா விடவில்லை. மூன்றாம் முறையும் அதே குரலில் கேட்டார்.

“அவரின்ரை சைக்கிள்,” என்றேன். “படலையடியிலை ஸ்ராண்டிலை நிண்டது. பூட்டியிருந்தது.”

ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லாத விஷயம் அது. பூட்டியிருந்தால் என் கணவர் அவசரமில்லாமல் ஆறுதலாக இறங்கி, பூட்டி, திறப்பைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். கூட்டிப்போக வந்தவர் தெரிந்தவராக இருக்க வேண்டும். யார்? பக்கத்து வீடா, சொந்தமா, அவரோடு படித்தவரா? அன்றிலிருந்து எவருடைய முகத்தைப் பார்த்தாலும் எனக்கு அந்தப் பூட்டுத்தான் தெரியும். இந்த மலரை வாசிப்பவர்களிலும் ஒருவர் இருக்கலாம். ஓம், எழுதத்தான் செய்கிறேன். மேசையில் தலையை வைத்து, வந்து அவ்வளவு காலத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன். அப்பா ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. தேத்தண்ணீர் போட்டு, சீனி கூடப் போட்டுத் தந்தார்.

“அதைச் சொல்லு,” என்றார். “ஆரெண்டு தெரியாதெண்டால் தெரியாதெண்டு சொல்லு.”

“தெரியாதெண்டால் கேஸ் நிக்காதாம் அப்பா.”

“நிக்குதோ விழுதோ, அது உன்ரை கதையா இருக்கட்டும்.”

விசாரணையில் அப்படியே சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பெண் அதிகாரி பேனையை நிறுத்தி, “பூட்டியிருந்ததா?” என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் திரும்பக் கேட்டார். ஏன் முன்னர் சொல்லவில்லை என்றும் கேட்டார். எனக்குச் சொல்லப் பயம் என்றேன். பின்வரிசையில் அப்பா கோட்டும் மப்ளருமாக, என்னையல்ல, மொழிபெயர்ப்பாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னை அகதியாக ஏற்றுக்கொண்ட கடிதம் வந்த அன்று வீடே துள்ளியது. அப்பா அதை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “உண்மைக் கடுதாசிதான் போலை” என்றார். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் துணிந்து கேட்டேன்: “அந்தக் கம்பத்தைப் பிடிச்சவையை நீங்கள் நம்பினனீங்களோ?”

“நம்புறது என்ரை வேலையில்லை.”

ஆனாலும் ஒருவனைப் பற்றிச் சொன்னார். அந்த மனிதன் வாக்குமூலம் கொடுக்கும்போதும் கம்பத்தை விட மாட்டேன் என்றானாம். உள்ளே வரச் சொன்னால் தலையை ஆட்டுவானாம். அப்பா மேசையையும் நாற்காலியையும் வெயிலுக்குள் தூக்கிவந்து, கம்பத்தடியில் இருந்து எழுதினாராம்.

“பிறகு? துரை நம்பினவரோ?”

“எனக்குத் தெரியாது. நான் லீவிலை ஊருக்குப் போயிட்டன்.”

“அந்த ஆளின்ரை பேர் என்ன?”

“மறந்துபோனன்.”

கச்சேரியில் தன்னோடு வேலை செய்த அத்தனை பேரின் தகப்பன் பெயரையும் சொல்லக்கூடிய மனிதர் அவர். நான் நம்பவில்லை. மேலே கேட்கவுமில்லை.

சென்ற மாசியில் அப்பாவுக்கு மூச்சு எடுப்பது கஷ்டமாயிற்று. ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். அந்த நாட்களில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வேலையிலிருந்து நேரே கார் ஓடிவந்து காவல் இருந்த அண்ணாவுக்கும் அண்ணிக்கும், பனிக்குள் தூரத்து ஸ்ரௌவ்வில்லிலிருந்து சோறு கொண்டுவந்த மச்சாளுக்கும், அந்தச் சோற்றை மணந்து பார்த்துவிட்டே வாயில் வைத்த அப்பாவைக் கோவிக்காததற்காக இன்னொரு தடவை மச்சாளுக்கும், கிரியைகளை முறையாகச் செய்த ஐயருக்கும், மலர்வளையம் அனுப்பியவர்களுக்கும் எங்கள் நன்றி. முத்தைத் தேடிய மாமிக்கும் நன்றி. அவர் கேட்டிராவிட்டால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

கடைசி நன்றி ஒரு நேர்ஸ் பிள்ளைக்கு. பெயர் தெரியாது. கடைசி நாள் மத்தியானம் அப்பா கட்டிலில் சரிந்து, சேலைன் தொங்கிய கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஊசி கழன்றுவிடும் என்று அந்தப் பிள்ளை விரல்களைப் பிரிக்கப் பார்த்தது. அப்பா விடவில்லை. கண்ணில் அப்படி ஒரு பயம். “விடுங்கோ, அவர் பிடிக்கட்டும்,” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கெஞ்சினேன். அந்தப் பிள்ளை கையை எடுத்துவிட்டது.

“எழுதிப்போட்டினமோ?” என்று அப்பா கேட்டார்.

நான் நாற்காலியைக் கம்பத்தடிக்கு இழுத்துப் போட்டு இருந்தேன். “எழுதுறன் அப்பா. பேரைச் சொல்லுங்கோ.”

“முபாரக்,” என்றார், மறந்துபோனேன் என்ற அந்தப் பெயரை.

“ஓம்,” என்றேன். “எழுதியாச்சு. நம்பிட்டினம், முபாரக். நீர் இனிப் போகலாம்.”

அப்பா கையை விட்டார்.