‘முறை’ என்று ஒரு கட்டம்

“…திட்டுனாலும் குத்தம், திட்டலன்னாலும் குத்தமா? அப்ப நான் இன்னாதான் பேசறது, நீயே சொல்லு தம்பி!”

கேட்டது பலாப்பழ அக்கா. பிசின் ஒட்டாமலிருக்க இரண்டு கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு, பிளந்த பழத்திலிருந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தார். எதிரே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நான்.

புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சின்ன ஊர் அக்காவுடையது. எனக்கு அவர் சொந்தமில்லை. நான் காவலூர்க்காரன். செல்போன் கடையில் பழுது பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரையும் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவன். புளியும் சாமையும் பலாவும் விற்கிற மலைக்காரர்களும், கீழே இருந்து வாங்குகிறவர்களும் பேசிக்கொள்ள ஓர் இணைய மன்றம் இருக்கிறது. மலையில் எல்லோருக்கும் அது ‘குரூப்பு’. போனில் பேசினால் போதும், எழுத்தாகிப் பதிவாகிவிடும். ஒவ்வொரு பதிவுக்கும் குறி போடுவது என் வேலை. எந்த ஊர், என்ன சரக்கு, கேள்வியா பதிலா, அப்புறம் பேச்சு எந்த மாதிரி என்று. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மென்பொருளே ஒரு நிறம் பூசிவிடும். மரியாதைப் பேச்சுக்குப் பச்சை, வசைக்குச் சிவப்பு. அதை நான் சரிபார்க்க வேண்டும். ஜனங்கள் பேசுவதை நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கிற உத்தியோகம். கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் வாணியம்பாடியிலிருந்து ஒருங்கிணைப்பாளர் பெண் கூப்பிட்டார். நான் போடும் குறிகளை வைத்து ஊர்வாரியாகப் படம் வரைந்து பார்ப்பவர் அவர்தான்.

“அண்ணா, புதூர்நாட்டுப் பக்கம் ஒரே செவப்பா இருக்கே! அங்க இன்னா, வெட்டுக்குத்தா?”

எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசிச் சிவப்பு பலாப்பழ அக்காவுடையது. அத்தனையும் ஒரே ஆளுக்கு. அக்காவின் பழத்தைக் கீழே ஏற்றிப் போகிற ஜீப்காரருக்கு.

“சைலன்சர் இல்லாத வாயா, எங்கடா கீற?”

“டேய் ஒட்டுப்போட்ட டயரு, பழம் வெடிக்குது, வண்டிய எடுடா!”

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. “வர்றேன் இரு, பலாத்தோலு மூஞ்சி.”

ஜீப்காரர் அக்காவுக்கு மாமன் மகன். மாமன் மகனும் அத்தை மகளும் கேலி பேசாமல் போனால்தான் ஊர் கேட்கும், உங்களுக்குள் என்ன ஆச்சு என்று. மென்பொருளுக்கு மாமன் ஏது, அத்தை ஏது? அதனால் நானே ஒரு புதுக் கட்டம் சேர்த்தேன். பெயர் ‘முறை’. பேசுகிறவர் கேட்கிறவருக்கு என்ன முறை வேண்டும் என்று அதில் குறிப்பேன். மாமன் மச்சான் முறைக்குள் வசை வந்தால் சிவப்பை நீக்கிவிடலாம். அண்ணன் தங்கை என்றால் சிவப்பு சிவப்புதான்.

“சூப்பர் அண்ணா,” என்றார் வாணியம்பாடிப் பெண். “எங்க வூட்லயும் இப்டி ஒரு கட்டம் போட்டா நல்லாருக்கும்.”

நிரப்ப உட்கார்ந்தபோதுதான் தலை சுற்றியது. சாமை விற்கிற ஒருவரும் அவர் பக்கத்து ஊர்க்காரரும் குரூப்பில் ஓயாமல் வம்பிழுப்பார்கள். அந்தப் பக்கத்து ஊர்க்காரர் சாமைக்காரருக்கு அம்மா வழியில் தூரத்து அண்ணன். வேறொரு வழியில் இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் ஆன பிறகு மச்சானும் ஆகிவிட்டார். எதை எழுதிக்கொள்ளட்டும் என்று கேட்டேன்.

“ஊருக்குள்ள அண்ணன். ஊரு எல்ல தாண்டுனா மச்சான்,” என்றார் சாமைக்காரர், சாதாரணமாக.

குரூப்பு எல்லைக்கு உள்ளே வருமா, வெளியே வருமா? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

இந்த நிலைமையில்தான் மறுபடி போன். “அண்ணா, அந்த ஜீப்காரரே அக்கா மேல புகார் பட்டன அமுக்கிட்டாரு.”

இதில் என் புதுக் கட்டம் உதவாது. யாரைப் பார்த்துப் பேசினார்களோ அவரே புகார் கொடுத்தால் முறையெல்லாம் செல்லாது. புகாரை அவர் திரும்பப் பெறுகிற வரைக்கும் பேசினவருக்கு ஒரு சிவப்பு விழுந்தால் அவர் கணக்கு தானாகவே பூட்டிக்கொள்ளும். அக்காவுக்குக் கீழே வாங்குகிறவர்கள் எல்லோரும் குரூப்பில்தான். பூட்டிவிட்டால் இந்தப் பலாப் பருவம் போச்சு. பழுத்த பழம் யாருக்காகவும் காத்திருக்காது.

எந்த வசைக்குப் புகார் என்று திறந்தால், பதிவு பச்சையாக இருந்தது.

“ஐயா, உங்க வண்டியில எடம் இருந்தா சொல்லுங்க. ரொம்ப நன்றிங்க ஐயா.”

கை தவறி அமுக்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு புதூர்நாட்டுக்குப் போனேன். ஜீப்காரர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை தவறிவிட்டதா என்று கேட்டேன்.

“கை தவறலண்ணா, தெரிஞ்சேதான் அமுக்குனேன்.”

“மரியாதையாத்தானே கேட்டிருக்காங்க?”

“அதத்தான் நானும் சொல்றேன். ஐயாவாம்! நான் இன்னா தாசில்தாரா? நாலு ஊரு பாக்குது. எம் பொண்டாட்டி கேக்கறா, ‘அவள இன்னாயா பண்ண, வாங்க போங்கன்னு பேசறா’ன்னு.”

“என்ன பண்ணீங்க?”

டயரைப் பார்த்தார். “அன்னிக்கு வண்டி கீழ நின்னுபோச்சு. சொல்லாம வுட்டுட்டேன். அவ பழம் பூரா வெடிச்சிப்போச்சு. வந்து நல்லா நாலு கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும். இப்டி அறுத்து வுடுவாளா?”

“புகாரை எடுத்துடுங்களேன்.”

“பழையபடி ஒரு வார்த்த பேசட்டும், எடுத்துடறேன். நேர்ல வாணாம், போன்லயும் வாணாம். ஐயான்னது எங்கியோ, அங்கியே பேசட்டும்.”

“அங்க பேசினா சிவப்பு விழும். கணக்கு பூட்டிக்கும்.”

“அதெல்லாம் எனக்கு இன்னாண்ணா தெரியும்!” என்று வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அங்கேயே நின்றுகொண்டு வாணியம்பாடிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

“திட்டினா உறவு, மரியாதையா பேசினா சண்டையா? தலை வலிக்குது அண்ணா,” என்றார் அந்தப் பெண். “முறை கட்டத்துல அவருக்கு என்ன போட்டிருக்கீங்க?”

“மாமன் மகன்.”

“இப்பவும் அதேதானா?”

அதுதான் எனக்கும் புரியவில்லை. பச்சையைச் சிவப்பாக்கட்டுமா? எதை வைத்து? பதிவில் ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லை. இத்தனை நாள் பச்சை என்று நான் தாண்டிவந்த பதிவுகளில் எத்தனை வீடுகள் பேச்சு முறிந்து கிடக்கின்றனவோ என்று ஒரு நினைப்பு வேறு வந்து தொலைத்தது. கூட்டிக் கழித்துப் பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடியது. சரி, சம்பந்தப்பட்டவரிடமே கேட்போம் என்று மேலே ஏறி வந்து, ஒன்று விடாமல் அக்காவிடம் சொன்னேன். அதற்குத்தான் அப்படிக் கேட்டார், திட்டினாலும் குற்றம், திட்டாவிட்டாலும் குற்றமா என்று.

“வரலன்னா வரலன்னு சொல்றதுக்கு வாயில்லயா அவனுக்கு?” சுளையைப் பாத்திரத்தில் போட்ட வேகத்தில் கொட்டை தெறித்தது. “இங்க பழத்த மாடு தின்னுனு இருந்துச்சு தம்பி. திட்டலாம்னுதான் போன எடுத்தேன். வாயில ஒன்னுமே வரல. வந்தது அதுதான். ஐயா.”

மரத்தடியில் அடுத்த வண்டிக்கு இறக்கி வைத்த பழங்கள் வாசனையை விட ஆரம்பித்திருந்தன.

“இப்ப நான் பேசுனா பூட்டிக்குமா?”

“மென்பொருள் சிவப்பு பூசறதுக்குள்ள அவர் புகாரை எடுத்துட்டார்னா பூட்டாது அக்கா. எது முந்தும்னு எனக்குத் தெரியல.”

அக்கா பழங்களைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“நீ போனப்ப அவன் மூஞ்சி எப்டி இருந்துச்சு?”

“டயரையே பாத்துட்டு இருந்தாரு.”

“டயரயா?”

கத்தியை நகர்த்தி வைத்தார். எண்ணெய்க் கையை முந்தானையில் விரல் விரலாகத் துடைத்தார். போனை எடுத்துக் குரூப்பைத் திறந்து, வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, “டேய், ஒட்டுப்போட்ட டயரு!” என்று ஆரம்பித்தார்.