தலைகீழாக நின்ற வீடு

நியமன ஆணையின்படி, குழந்தைகளின் கற்கும் திறனைச் சோதிக்கும் மதிப்பீட்டாளர் என்பவர் குறைவாகப் பேசுபவர், பொறுமைசாலி, வியப்பையோ வருத்தத்தையோ முகத்தில் காட்டாதவர். அந்தப் பதவியில் இருந்த அம்மாளுக்கோ வாய் ஓய்ந்ததில்லை, கோபம் மூக்கு நுனியில், கண்ணீர் இமை நுனியில். உடன் வேலை செய்பவர்கள் ‘லவுட்ஸ்பீக்கர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதுபடவே கூப்பிட்டார்கள். ஆனால் வாய் திறக்காத குழந்தைகள் அவரிடம்தான் வாய் திறந்தன.

அன்று பஸ் டிரைவர் ஒருவர் ஒன்றாம் வகுப்பு மகளை அழைத்து வந்தார். பள்ளியில் எழுத்து, எண், படம் எல்லாவற்றையும் அவள் தலைகீழாகப் போடுகிறாளாம். மதிப்பீட்டில் தேறாவிட்டால் வேறு இடம் பாருங்கள் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

“வீட்டுல என் பக்கத்துல உக்காந்து நேராத்தான் மேடம் எழுதுறா. பள்ளிக்கூடத்துல என்ன பேய் பிடிக்குதோ!”

“பேய் எல்லாம் பள்ளிக்கூடம் பக்கமே வராதுங்க, வீட்டுப்பாடம் குடுத்துடுவாங்க. வெளியில உக்காருங்க, கூப்பிடுறேன்.”

சிறுமி மேசையின் ஒரு பக்கம், அம்மாள் எதிர்ப்பக்கம். படத்தைப் பார்த்துச் சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்க வேண்டும். முதல் படம் வீடு. சிறுமி மளமளவென்று அடுக்கினாள்: கூரை கீழே, வாசல் மேலே. அடுத்தது படகு, பாய் கீழே தொங்கியது. அம்மாள் மதிப்பெண் தாளில் சுழி மேல் சுழியாகப் போட்டார். இதில் ஒரு வேடிக்கை. எதிரே உட்கார்ந்தே காலம் தள்ளியதில், குழந்தையின் பக்கத்திலிருந்து பார்ப்பது அவர் கண்ணுக்குப் பழகிப்போயிருந்தது. தன் மூக்குக்கு நேரே ஒழுங்காக நின்ற வீடு அவருக்குத் தலைகீழாகப் பட்டது.

கடைசியில், சோதனையின் நடுவே குழந்தையிடம் காரணம் கேட்கக் கூடாது என்ற விதியாவது ஒன்றாவது என்று கேட்டேவிட்டார்.

“ஏண்டி கண்ணு, வீட்டை இப்படிக் கவுத்துட்டியே, உள்ள இருக்கிறவங்க விழுந்துட மாட்டாங்களா?”

சிறுமி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “கவுக்கலையே ஆன்ட்டி. எனக்குத்தான் தலைகீழ். உங்களுக்கு நேராத்தானே இருக்கு? நீங்கதானே பாக்கணும்?”

“அப்போ பள்ளிக்கூடத்துல?”

“டீச்சர் எதிர்ல நின்னு பாப்பாங்க. அவங்களுக்குக் கழுத்து வலிக்கும்ல?”

அம்மாள் ஒரு தாளை எடுத்துத் தன் பெயரை எதிராளிக்கு நேராகத் தெரியும்படி எழுதிப் பார்த்தார். முதல் எழுத்திலேயே கை திணறியது. இரண்டாவது கோழி கிளறியதுபோல் வந்தது. இதை ஆறு வயதுப் பெண் நாள் முழுக்க, பக்கம் பக்கமாக, திட்டு வாங்கிக்கொண்டே செய்திருக்கிறாள். எதிரே இருப்பவரின் கண்ணால் பார்க்கக் கணவனும் மனைவியும் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டுகிறார்கள். இவளோ அதை யாரும் சொல்லித்தராமலே, கால்களை ஆட்டிக்கொண்டு செய்கிறாள். அம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை காலம் எத்தனை வீடுகளுக்குச் சுழி போட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவர் நாற்காலியை இழுத்துச் சிறுமியின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முதல் படத்திலிருந்து மறுபடி தொடங்கினார். எல்லாம் நேராக வந்தன. அன்று மாலையே பள்ளிக்குப் போய், டீச்சரைச் சிறுமியின் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லி, அவளை அதே பள்ளியில் வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியையைச் சம்மதிக்க வைத்தார்.