கொத்தின் நடுவை விட்டுக்கொடுக்காதவர்

வில்லியனூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் மாணவி ஒருத்தியிடமிருந்து போன் வந்தது. "சார், அஞ்சலாட்சி மேடம் போயிட்டாங்க சார்" என்றாள். மாரடைப்பு. வாங்கிய காயை வாங்கிய இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முனைவர் அஞ்சலாட்சி எங்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். பல ஆண்டுகள் எனக்குப் பக்கத்து மேசை. கடற்கரை ஊரான பனித்திட்டில் மீன் விற்கும் குடும்பம். துறையிலேயே உரக்கப் பேசுபவர் அவர்தான். "கடக்கரைல மெதுவா பேசுனா யாருக்கு சார் கேக்கும்?" என்பார்.

பாடம் நடத்திக்கொண்டே செய்த முனைவர் பட்ட ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒரு கோளக் கொத்து. வயதான விண்மீன்கள் ஆயிரக்கணக்கில் பந்துபோல நெருங்கிக் கிடக்கும் கூட்டம் அது. மலைமேலுள்ள தொலைநோக்கி நீல வடிகட்டி வழியாகவும் மஞ்சள் வடிகட்டி வழியாகவும் எடுத்த படங்கள் அவருக்குக் கிடைத்தன. இரண்டிலும் ஒவ்வொரு விண்மீனின் பிரகாசத்தையும் அளந்து ஒப்பிட்டால் அதன் நிறம் தெரியும். ஓரத்தில் இருப்பவற்றை அளப்பது சுலபம். நடுவில் ஒன்றின் ஒளி இன்னொன்றின்மேல் வழியும்.

அந்த நெரிசலுக்குள் சில நீல விண்மீன்களை அவர் பிரித்தெடுத்தார். நீல விண்மீன்கள் வேகமாக எரிந்து தீர்பவை; அத்தனை வயதான கூட்டத்தில் அவை எப்போதோ அணைந்திருக்க வேண்டும். ஆய்விதழ் நம்பவில்லை. இரண்டு விண்மீன்களின் ஒளி கலந்ததைத்தான் ஒன்றென்று அளந்திருக்கிறீர்கள் என்று கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. நடுப்பகுதியை நீக்கிவிட்டால் பட்டம் உடனே கிடைத்துவிடும் என்றார் நெறியாளர்.

அன்று மதியம் அஞ்சலாட்சி சாப்பிடவில்லை. "நடுவுல இருக்கறத வுட்டுட்டு ஓரத்த மட்டும் அளந்தா, அது இன்னா சார் கொத்து? பட்டம் லேட்டாவே வரட்டும்" என்றார்.

பிறகு, நிறமும் பிரகாசமும் தாமே தீர்மானித்த பொய் விண்மீன்களைக் கணினியில் அந்தப் படத்தின் நடுவே புகுத்தினார். தம் முறை அவற்றைச் சரியாக அளக்கிறதா என்று பார்த்தார். பிசகியபோதெல்லாம் முறையைத் திருத்தினார். இப்படியே வருடங்கள் போயின. அவருக்குப் பின்னால் ஆய்வில் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கினார்கள். சிரித்த முகத்தோடு வாழ்த்திவிட்டு வந்து, மேசையில் தலை கவிழ்த்துக்கொள்வார்.

ஒருநாள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அதே கொத்தின் கூர்மையான படம் எல்லோரும் பார்க்கும்படி வெளியானது. காலை வகுப்பு முடிந்ததும் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தம் நீல விண்மீன்களை ஒவ்வொன்றாகத் தேடினார்.

"இருக்கு சார்! தனியா இருக்கு! இதுவும்!"

ஒன்றே ஒன்று மட்டும் இரண்டாகப் பிரிந்தது. "இதுங்க ரெண்டும் சேந்து என்ன ஏமாத்திடுச்சிங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மற்றவை எல்லாம் அவர் அளந்த நிறத்திலேயே நின்றன. கட்டுரை வெளிவந்தது. நடுப்பகுதியோடு பட்டமும் வந்தது. அவருடைய அம்மா மீன் ஏலம் நடக்கும் இடத்தில் நின்று, "எம்பொண்ணு சொன்னது கரெக்டுன்னு வானத்துல சுத்தற மிசினே சொல்லிடுச்சிப்பா!" என்று கத்தினாராம்.

பனித்திட்டில் மாணவர்கள் வைத்திருந்த அஞ்சலி பேனரில் அவர் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கொத்தின் நிற-பிரகாச வரைபடம் முழுதாக இருந்தது. "இன்னாம்மா இது, புள்ளி புள்ளியா?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார்.

"எல்லாம் நட்சத்திரங்க மாமா. மேடம் அளந்தது" என்றாள் எனக்குப் போன் செய்த மாணவி.

அந்த உறவுக்காரர் கிட்டே போய், நீலப் புள்ளி ஒன்றின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். பறை முழங்கத் தொடங்கியது. உடலைத் தூக்கினார்கள்.

மேடம், உங்கள் கணக்கு சரி. போய் வாருங்கள்.