பச்சைச் சீலைப் பற்றை

பிள்ளைகளே, கருகிய நிலத்தை வானத்திலிருந்து எடுத்த ஒரு படத்தின் நடுவில், மிளகாய் விதை அளவில் ஒரு பச்சைப் புள்ளி இருந்ததை நான் மறக்கவில்லை. அந்தப் புள்ளி உங்கள் மாமி, என் அக்கா.

போர் முடிந்து பெரியமடுப் பக்கம் திரும்பி வந்தபோது வீடிருந்த எங்கள் காணி, அந்த வளவு முழுவதும் சூரையும் ஈச்சையும் மண்டிக் கிடந்தது. இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. வீடு நின்ற இடம் அக்காவுக்கு மட்டுந்தான் தெரியும். இது காடா, குடிமனையா என்று அரசாங்கக் கந்தோரில் முடிவாகுமுன், சோளகக் காற்றில் பற்றிய தீ எல்லாவற்றையும் எரித்துவிட்டது. எரிந்த இடத்தில் செடி எவ்வளவு முளைக்கிறது என்று மாதம் ஒருமுறை ட்ரோன் விட்டுப் பார்க்கக் கந்தோர் ஐயா ஒருவர் வந்தார். அவருடைய பெட்டியைச் சுமக்கும் கூலிவேலை எனக்குக் கிடைத்தது. பச்சை கூடினால் வளவைக் காடென்று எழுதிவிடுவார்கள் என்று ஊரில் கதை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

போர்க்காலத்தில் மேலே இப்படி ட்ரோன் இரைச்சல் கேட்டால் பங்கர்க் குழிக்குள் பாய்ந்த அக்கா, இப்போது இரைச்சல் கேட்டதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு வளவின் நடுவுக்கு ஓடினார். அங்கே ஆள் இருக்கிறதென்று ட்ரோனுக்குத் தெரிய வேண்டுமாம். வெயிலுக்குப் பச்சைச் சீலைத் தலைப்பால் தலையையும் மூடிக்கொண்டு கதிரையில் அசையாமல் குந்தியிருந்தார். தெருவில் நின்ற ஐயா கவனிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்த மாதம் ஐயா படத்தோடு சிரித்துக்கொண்டு வந்தார்.

"பாருங்கோ தம்பி, சாம்பலுக்கை ஒரு செடிப் பத்தை. நல்ல கொழுத்த பத்தை!"

"ஐயா, அது பத்தை இல்லை. என்ரை அக்கா."

தேத்தண்ணியோடு வந்த அக்கா நின்றுவிட்டார். "ஆர் கொழுத்தது?" என்றவர், படத்தைப் பார்த்ததும் முகம் கறுத்தார். "அப்ப நான் போய்க் குந்தி, என்ரை வளவை நானே காடாக்கிப்போட்டனோ?"

"நேரை போய்ப் பாத்தால் இந்தப் புள்ளியைப் படத்திலை வெட்டலாம், அக்கா," என்றார் ஐயா.

போனோம். அக்கா அதே இடத்தில் கதிரையை வைத்தார். குழியும் எரிந்த கட்டையுமான நிலத்தில் அது ஆடாமல் நின்றது. ஐயா சப்பாத்துக் காலால் சாம்பலை விலக்கினார். சிவப்புச் சீமெந்துத் தரை தெரிந்தது.

"இதென்ன?"

"எங்கடை வீட்டு முன் விறாந்தை. பின்னை வேற எங்கை குந்திறது?"

"இவ்வளவு நாளும் சொல்லேல்லையே!"

"கந்தோரிலை சொன்னனான், ஒருத்தரும் வந்து பாக்கேல்லை. நீங்கள் மேலாலைதானே பாத்துக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

ஐயா தன் கால்களைப் பார்த்தார். பிறகு சப்பாத்துகளைக் கழற்றினார். மத்தியான வெயிலில் சீமெந்து கொதித்தது. மனிதர் கொக்குப்போல ஒற்றைக் காலில் துள்ளினார். அக்கா கதிரையைத் தள்ளிக் கொடுத்தார். ஐயா அதில் ஏறிக் குந்தி, படத்தை முழங்காலில் வைத்து, பச்சைப் புள்ளியை வெட்டி, "வீடு" என்று எழுதினார்.

அந்தப் படம் கந்தோருக்குப் போனது. வளவு எங்களுக்குக் கிடைத்தது. நீங்கள் செருப்போடு ஓடித் திரிந்து ஏச்சு வாங்குவது அந்த விறாந்தையில்தான். மாமி விடமாட்டார்: "கந்தோர் ஐயாவே கழட்டினவர், உங்களுக்கென்னடா?"