பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்

ராய்ஸ்டனை வேலையிடத்தில் யாரும் ராய்ஸ்டன் என்று கூப்பிட்டதில்லை. பில்லக் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் மற்றவர்களை அப்படியே கூப்பிட்டார். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரத்துக் குப்பை லாரியின் முன்னிருக்கையில் மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேருக்கும் அந்த ஒரே பெயர். ஓட்டுநர் ட்ரெவர் "டேய் பில்லக்" என்றால், தொட்டி இழுக்கும் ராய்ஸ்டனும் டக்கியும் இரண்டு பேருமே திரும்பிப் பார்ப்பார்கள். எந்த பில்லக்கைக் கூப்பிட்டார் என்பது குரலில் தெரியும்.

ராய்ஸ்டன் என் அக்கா கிளெனிஸின் கணவர். பிள்ளைகள் இல்லை. இருவரும் இப்போது இல்லை. நான் பக்கத்துத் தெருவில் குடியிருந்த ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அந்தச் சொல்லுக்கு அகராதியில் முட்டாள் என்று போட்டிருக்கும். பழைய நாட்களில் அது ஆணின் உறுப்பைக் குறித்த வார்த்தை என்றும் போட்டிருக்கும். அது எங்கள் ஊரில் யாருக்கும் நினைவில்லை. பாதிரியார் வீட்டு அம்மாள்கூடத் தன் நாயை அப்படித் திட்டுவாள். நடுத்தெருவில் முன்பின் தெரியாதவன் காரை வழிமறித்து நிறுத்தினால், அவனிடம் சொல்லும்போது அது வசவு. மேலதிகாரியிடம் சொல்ல முடியாது. பெண்களிடம் சொல்வதில்லை. ஆனால் ஒரே லாரியில் வருடக்கணக்காக ஈரக் கையுறையின் நாற்றத்தைப் பகிர்ந்துகொண்ட ஆண்கள் ஒருவரையொருவர் அப்படிச் சொன்னால், அதற்கு என்ன அர்த்தம் என்று எந்த அகராதியிலும் இல்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் "உன்னைப் பிடிக்கும்" என்று சொல்ல மாட்டார்கள். சொல்வதைவிட உயிரை விடுவதே மேல் என்பார்கள். அதற்குப் பதிலாகத்தான் இது.

ஒருமுறை ராய்ஸ்டன் தன் சாப்பாட்டுப் பையையே குப்பையோடு சேர்த்து லாரியின் வாயில் எறிந்துவிட்டார். அழுத்தும் தகடு இறங்கி அதை அரைத்துக்கொண்டு போனது. "பில்லக், அப்படியே உன் மூளையையும் போட்டுட்டியா?" என்று ட்ரெவர் கேட்டாராம். "அது போன வாரமே போயாச்சு, அதுக்கும் நீதான் பட்டன அமுக்குன," என்று இவர் சொன்னாராம். இந்தக் கதையை அக்கா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

அக்கா அக்டோபரில் போனாள். நுரையீரலில் புற்று. கண்டுபிடித்த பிறகு ஒரு கோடைக்காலம்தான் கிடைத்தது.

தகன மண்டபத்துக்கு ட்ரெவரும் டக்கியும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்கள். கருப்புக் கழுத்துப்பட்டையில் ட்ரெவரை அடையாளமே தெரியவில்லை. பிறகு பப்பில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் தேநீரும் சுற்றி வந்தபோது, ட்ரெவர் ராய்ஸ்டனின் முன்னால் வந்து நின்றார். கையை நீட்டினார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு, ராய்ஸ்டன்," என்றார்.

ராய்ஸ்டன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். துக்கத்தில் நிற்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ட்ரெவரின் வாயிலிருந்து தன் பெயரை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று பின்னால்தான் சொன்னார்.

பத்து நாள் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினார். திரும்பிய அன்று ஹீட்டர் காற்று படும் ஓர இருக்கையை அவருக்கு விட்டிருந்தார்கள். தேநீர் ஊற்றிக் கையில் கொடுத்தார்கள். மேட்டுத் தெருக்களில் கனமான தொட்டிகளை டக்கியே ஓடி ஓடி இழுத்தான். "நீங்க இருங்க ராய்ஸ்டன், நான் பாத்துக்கிறேன்." லாரிக்குள் சிரிப்புச் சத்தம் இல்லை. டக்கி எதையாவது சொல்ல வாயெடுப்பான், ட்ரெவர் ஓரக்கண்ணால் பார்ப்பார், அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நொந்து கிடப்பவனை வைவது பாவம் என்று நினைத்தார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். சாவு வீட்டு மனிதனிடம் குரலைத் தாழ்த்துவோம், பெயரைச் சொல்லி அழைப்போம், கதவைத் திறந்து பிடிப்போம். ஒருவேளை மற்ற வேலைகளில் அது சரியாக இருக்கலாம். அந்த லாரியில் பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர்கள் இரண்டே வகை: மேலதிகாரிகள், செத்துப்போனவர்கள்.

முதலில் பொறுத்துப் பார்த்தார். கிறிஸ்துமஸ் நெருங்கியும் மாறவில்லை. பிறகு வம்பிழுக்கத் தொடங்கினார். ஒரு நாள் வலது காலில் கருப்பு பூட்ஸும் இடது காலில் பழுப்பு பூட்ஸுமாகப் போனார். இருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். ட்ரெவரின் தேநீரில் உப்பைப் போட்டார். ட்ரெவர் ஒரு வாய் குடித்து, விழுங்கி, மிச்சத்தையும் குடித்தார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, டக்கியின் கண்ணெதிரே, தன் சாப்பாட்டுப் பையைத் தூக்கி லாரியின் வாயில் போட்டார். தகடு இறங்கியது. ட்ரெவர் தன் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவர் மடியில் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் அந்த ரொட்டியைப் பற்றிச் சொல்லும்போது அவர் அழுதார். தகன மண்டபத்தில் அக்காவின் சவப்பெட்டி திரைக்குப் பின்னால் போனபோது அழாதவர்.

"அதத் தின்னேன் கண்ணு. வேற என்ன செய்ய?"

அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"என்னன்னு சொல்றது? என்னத் திட்டுங்கடான்னா? கேட்டு வாங்குனா அது அது இல்ல." தட்டில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. "வீட்டுக்கு வந்தா அவ இல்ல. அங்க போனா நான் இல்ல. நான் எங்கதான் இருக்கேன், சொல்லு?"

மேசையைத் துடைத்துக்கொண்டே, குரலை லேசாக்கிக்கொண்டு, "போதும், சாப்பிடுங்க பில்லக்," என்று சொல்லிப் பார்த்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. கோபம் இல்லை. வெந்நீர் என்று நினைத்துக் கை வைத்தால் பச்சைத் தண்ணீராக இருக்குமே, அந்த மாதிரி. "நீ சொல்லாத கண்ணு," என்றார் மெதுவாக. "நீ சொன்னா நெஜம் மாதிரி இருக்கு."

ஜனவரியில் உறைபனி விழுந்தது. எங்கள் ஊர்ச் சந்துகள் செங்குத்தானவை. லாரி முன்பக்கமாகப் போனால் திரும்ப இடமிருக்காது. அதனால் பின்பக்கமாகவே ஏற்றுவார்கள். அப்போது தொட்டி இழுப்பவர் ஒருவர் பின்னால் ஓரமாக நின்று, ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். கண்ணாடியில் ஆள் மறைந்தால் அந்த நொடியே பிரேக்கை மிதிக்க வேண்டும். அப்படி மறைகிற ஆளை ஓட்டுநர் கீழே இறங்கி, அவன் வம்சத்தையே இழுத்து, தெருவே சன்னலைத் திறந்து கேட்கிற மாதிரி வைவார். அது எழுதாத சட்டம். வாங்கியவனும் தலை குனிந்து வாங்கிக்கொள்வான். அன்று மாலை பப்பில் அதுதான் பேச்சு.

அப்படி லாரி ஏறிக்கொண்டிருந்த ஒரு காலை, ராய்ஸ்டன் கண்ணாடியிலிருந்து விலகினார். விலகி லாரிக்கு நேர் பின்னால் போய் நின்றார்.

ட்ரெவர் மிதித்தார். பனியில் சக்கரம் பிடிக்கவில்லை. லாரி வழுக்கிக்கொண்டே வந்து, ராய்ஸ்டனின் கோட்டுப் பித்தான்களைத் தொட்டு நின்றது. டக்கி எங்கோ ஒரு வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். ட்ரெவர் கதவைத் திறந்து, வழுக்கி விழுந்து, எழுந்து ஓடி வந்தார். ராய்ஸ்டன் காத்துக்கொண்டு நின்றார். இப்போது வரும் என்று நின்றார்.

ட்ரெவர் அவரைக் கட்டிக்கொண்டார். "ராய்ஸ்டன், ராய்ஸ்டன், ஒண்ணும் ஆகலயே, ராய்ஸ்டன்?"

இதைச் சொன்னபோது ராய்ஸ்டன் என் சமையலறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சாக நினைத்தீர்களா என்று கேட்டேன்.

"சாகணும்னு நெனக்கல. திட்டு வாங்கணும்னு நெனச்சேன்." கோட்டுப் பித்தானைத் தடவிக்கொண்டே, "ரெண்டுக்கும் நடுவுல பெருசா எடம் இல்லன்னு அங்க நின்னப்பதான் தெரிஞ்சுது," என்றார்.

விசாரணை வைத்தார்கள். கால் வழுக்கிவிட்டது என்று ட்ரெவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். டக்கியும் அதையே சொன்னான். ராய்ஸ்டன் தலையை ஆட்டியிருந்தால் திங்கட்கிழமை அதே லாரியில் ஏறியிருக்கலாம். ஆனால் விசாரித்த மேலதிகாரியான ஓர் இளம்பெண் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளி, "உங்களுக்கு என்ன வேணும்னு தயங்காம சொல்லுங்க, ராய்ஸ்டன்," என்று கேட்டுவிட்டாள். யாரோ ஒருவர் கடைசியில் கேட்டுவிட்டார்களே என்று அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். எனக்கு வசவு வேணும் என்று. பழையபடி பில்லக் என்று கூப்பிட வேணும் என்று.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது பரவாயில்லை. அந்தப் பெண் தலையைச் சாய்த்து மிகவும் கனிவாக ஏதோ சொன்னாளாம். லாரி வேலையிலிருந்து எடுத்து, நகரத்துக்கு வெளியே குப்பைக் கிடங்கின் வாசலில் போட்டார்கள். வண்டிகளுக்குத் தடுப்புக் கம்பத்தைத் தூக்குவது, இறக்குவது. ஓர் ஆள் மட்டும் உட்கார இடமுள்ள சிறு அறை. அவரை நல்லபடி பார்த்துக்கொண்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள்.

ஒருமுறை மட்டும் அங்கிருந்து முகம் தெளிந்து வந்தார். பழைய மெத்தையை ஏற்றி வந்த எவனோ ஒருவனைத் தவறான பக்கம் அனுப்பிவிட்டாராம். அவன் வேனிலிருந்து தலையை நீட்டி, "கண்ணு தெரியாத பில்லக்," என்று கத்தினானாம். "நெஜமாத்தான் திட்டுனான்," என்றார் ராய்ஸ்டன். "இருந்தாலும் காதுல விழுந்துச்சு." இரண்டு நாள் அந்தத் தெளிவு இருந்தது. எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் ட்ரெவர் வீட்டுக்குப் போனேன். அவர் மகள்கள் என்னிடம் படித்தவர்கள். அவரும் என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். வாசலிலேயே நின்று, ராய்ஸ்டனுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்குப் புரியவில்லையா என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனக்கிறீங்களா மிஸ்?" என்றார். "தெனம் காலையில ஷேவ் பண்றப்ப சொல்லிப் பாக்குறேன். கண்ணாடியப் பாத்துச் சொல்றேன், நல்லா வருது. அவன் எதுக்க நின்னா கிளெனிஸ் மூஞ்சிதான் வருது." வாயைத் துடைத்துக்கொண்டார். "இப்ப என்னையும் யாரும் சொல்றதில்ல. டக்கி எனக்கு குட் மார்னிங் சொல்றான். அந்த வண்டியில ஏறவே புடிக்கல."

சொல்லாவிட்டால் அவர் போய்விடுவார் என்றேன். எப்படிப் போவார் என்று நான் சொல்லவில்லை. ட்ரெவரும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கிடங்குக்கு லோடு கொண்டுபோகும்போது சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

அன்று எனக்குப் பள்ளி அரைநாள். ராய்ஸ்டனுக்கு சூப் எடுத்துக்கொண்டு போய் அந்தச் சிறு அறைக்குள் நின்றிருந்தேன். லாரி மேட்டில் திரும்பி வந்தது. கம்பத்தின் முன்னால் நின்றது. ட்ரெவர் சன்னலை இறக்கினார். டக்கி தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். தூறல் விழுந்தது. ராய்ஸ்டன் வெளியே போய்க் கம்பத்தின் பிடியில் கை வைத்து நின்றார்.

ட்ரெவர் தொண்டையைச் செருமினார். பின்னால் ஒரு கார் வந்து நின்றது.

"சீக்கிரம் தூக்குடா, பில்லக்," என்றார்.

சொல்லிவிட்டார். ஆனால் குரல் நடுவில் உடைந்துவிட்டது. கடைசி எழுத்து, நோயாளியின் கட்டிலருகே பேசுகிற மாதிரி, காற்றாகத்தான் வந்தது. பயந்து பயந்து, கண்ணாடிச் சாமானை மேசையில் வைக்கிற மாதிரி அந்தச் சொல்லை வைத்தார். பிறகு, சரியாக வந்ததா என்று ராய்ஸ்டனின் முகத்தைப் பார்த்தார்.

ராய்ஸ்டன் அவரையே பார்த்தார். ட்ரெவர் என்ன பாடுபட்டு அதைச் சொன்னார் என்பது ராய்ஸ்டனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தில் இரக்கம் வந்ததை நான் பார்த்தேன். அந்த இரக்கத்தைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பத்தைத் தூக்கினார்.

"மேல ஈரமா இருக்கு," என்றார். "பாத்து மெதுவாப் போங்க, ட்ரெவர்."