கழிவு போக நிற்கும் நாள்

எங்களுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. துணி எடுக்கப் போனாலும் கடைசி விலை என்ன என்று கேட்டுவிட்டுத்தான் மடிப்பையே பிரிப்போம். என் கொழுந்தனார் அந்தப் பழக்கத்தை ஆஸ்பத்திரியிலும் விடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இரைப்பையில் புற்றுநோய். ஈரல் வரை பரவிவிட்டது. அவரிடம் குடல்புண் என்றே சொல்லி வைத்திருந்தோம். அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நானும் கொழுந்தனாரும் டாக்டர் அறைக்குள் போனோம்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இவ்வளவு பரவிய பிறகு இரைப்பையை எடுத்துப் பயனில்லை. கீமோ கொடுத்தால் நோயைக் கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம்; மருந்து வீரியமானால் தொந்தரவும் கூடும். கீமோவே வேண்டாம் என்றால் வலிக்கும் வாந்திக்கும் மட்டும் வைத்தியம் பார்க்கலாம்.

"ஆபரேஷனையும் பண்ணி, கீமோவையும் போட்டா எவ்வளவு நாள் தருவீங்க டாக்டர்? கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்க" என்றார் கொழுந்தனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் வாயைப் பொத்தியிருப்பேன். ஆனால் அந்தப் பதிலுக்காக நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

"உடம்பு அவரோடது. அவரைக் கூப்பிடுங்க" என்றார் டாக்டர்.

அவர் வந்து உட்கார்ந்ததும் டாக்டர் எதையும் மறைக்காமல் மறுபடி எல்லாவற்றையும் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் மூட்டைக்கு விலை பேசுகிற அதே குரலில் என் வீட்டுக்காரர் கேட்டார்: "கழிவு போக எவ்வளவு நிக்கும் டாக்டர்?"

டாக்டருக்கு விளங்கவில்லை.

"வத்தல்ல காம்பு, ஈரம், சாக்கு எல்லாம் கழிச்சுத்தான் எடை போடுவோம். அதுமாதிரி ஆஸ்பத்திரில கெடக்குத நாளு, வாந்தி எடுத்துச் சுருண்டு கெடக்குத நாளு எல்லாத்தையும் கழிச்சிருங்க. நான் கடைல உக்காருத நாளு எதுல கூட நிக்கும்?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்படிப் பார்த்தா மிதமான கீமோதான் அண்ணாச்சி. காலைல வந்து ஏத்திக்கிட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். உடம்பு தாங்கலேன்னா நிறுத்திருவோம்."

"நிப்பாட்டலாம்லா? அப்ப அதையே போடுங்க."

கொழுந்தனார் வாயைத் திறந்தார். "ஏலே, சும்மா இரு. சரக்கு என்னுது" என்றார் இவர்.

நோய் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவரைக் கேட்காமல் அவர் வயிற்றைக் கிழிக்கப் போகிறார்களே என்று எனக்குள் இருந்த பயம் போய்விட்டது. திரும்பும்போது துறைமுக ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் கார் நின்றது.

"குடல்புண்ணுக்கா ஏளா அடுப்படில நின்னு அப்படி அழுத?" என்றார் இவர் என்னைப் பார்த்து. "இனிமே என் பக்கத்துல உக்காந்து அழு."

டிரைவர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அங்கேயே அழுதேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.